ஒரு சோறு பதம் சொல்லாத பானை

2024 ஜூலை 19 அன்று உலகின் பல நாடுகளில் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கணினித் திரைகள் நீல நிறம் காட்டி உறைந்து நின்றன. ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. இது எந்த எதிரியின் தாக்குதலும் அன்று. கணினிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காக நிறுவப்பட்டிருந்த கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பே இதற்குக் காரணம். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்த நிகழ்வில் பலரும் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கோப்பு சரிபார்க்கப்படாமல் வெளியே வந்ததன்று. அத்தகைய கோப்புகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. அது ஒப்புதலும் அளித்தது. புதுப்பிப்புக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினிகளில் இருந்த நிரலோ 20 உள்ளீடுகளை மட்டுமே தந்தது. முந்தைய சோதனைகளில் 21-ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் பொருந்தும்' என்னும் பொதுக்குறி இடம்பெற்றிருந்ததால், இந்தப் பொருத்தமின்மை வெளிப்படவில்லை. ஆக, சோதனை நடந்தது. ஆனால், அந்தச் சோதனையே குறையுடையதாக இருந்தது.

குறையுள்ள சோதனையில் தேறிய ஒரு மென்பொருளை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விக்குக் கணித வழியில் விடை காணும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், நியாயவிலைக் கடை, நிலப் பதிவு என அன்றாட வாழ்வின் அனைத்தும் மென்பொருளின் வழியே நடக்கும் இந்நாளில், அந்த விடைகள் வல்லுநர்களுக்கு மட்டும் உரியவையாக இருக்க முடியாது.

பானையும் பாலமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வகுத்த மாதிரியெடுப்பு முறை. அது பானைக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஒரு பருக்கையின் நிலை பக்கத்துப் பருக்கையின் நிலையைச் சொல்லும். பாலத்துக்கும் இது பொருந்தும். 20 டன் எடையைத் தாங்கிய பாலம் 15 டன் எடையையும் தாங்கும் என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

மென்பொருளுக்கு இந்தத் தொடர்ச்சி கிடையாது. நேர், எதிர்க் குறியுடன் 16 பிட் இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் 32,767. அதுவரை பிசகின்றி இயங்கும் ஒரு நிரல், 32,768-ஐச் சந்தித்ததும் தடுக்கி விழலாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியதன் அடிப்படைக் காரணம் இதுவே. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் நன்றாக இயங்கிய நிரல் பகுதி அப்படியே எடுத்தாளப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால், அதைக் குறிக்கும் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. புதிய பறப்புப் பாதையின் தரவைக் கொண்டு அந்தப் பகுதி முன்கூட்டிச் சோதிக்கப்படவில்லை என்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. பழைய பானையின் சோற்றைப் பதம் பார்த்துவிட்டுப் புதிய பானையை இறக்கியதற்கு ஒப்பானது இது.

பிழைகளை எண்ணும் கணிதம்

மென்பொருளின் நம்பகத்தன்மையைக் கணிக்கும் முதல் மாதிரிகளில் ஒன்றை 1972-இல் ஜெலின்ஸ்கி, மொராண்டா ஆகிய இருவர் உருவாக்கினர். நிரலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் வெளிப்படும் வாய்ப்பு சமம். வெளிப்பட்டவுடன் அது முழுமையாகத் திருத்தப்படுகிறது என்பவை அதன் எடுகோள்கள். 1979-இல் அம்ரித் கோயல், கஸு ஒகுமோட்டோ ஆகியோர் வெளியிட்ட மாதிரி இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. எஞ்சியுள்ள பிழைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே புதிய பிழைகள் கண்டறியப்படும் வேகம் அமையும் என்பது அதன் சாரம்.

இந்த மாதிரிகள் நம்பிக்கையூட்டுபவை. 100 பிழைகள் உள்ளன என்றும், ஒவ்வொரு மாதச் சோதனையிலும் எஞ்சியவற்றில் பாதி அகற்றப்படுகின்றன என்றும் கொள்வோம். 100 என்பது 50 ஆகும், 25 ஆகும். ஏழாவது மாத இறுதியில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும்.

நடைமுறை இதற்கு மாறானது. எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் எட்வர்ட் ஆடம்ஸ் தம் நிறுவனத்தின் மென்பொருள்களில் கண்டறியப்பட்ட பிழைகளை ஆராய்ந்து 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு கணினியில் சராசரியாக 5,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே தொல்லை தரக்கூடிய அரிய பிழைகள் என்று அவர் கண்டார். எந்தச் சோதனைக் கூடத்திலும் 5,000 ஆண்டுகள் காத்திருக்க முடியாது. ஆனால், அதே மென்பொருள் 5,000 கணினிகளில் இயங்கினால், அந்த அரிய பிழை ஆண்டுக்கு ஒரு முறை எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டும். ஐந்து கோடிக் கைபேசிகளில் இயங்கும் செயலி என்றால், நாள்தோறும் பலமுறை தலைகாட்டும்.

அரிசி களையும்போது பெரிய கற்கள் முதல் நீரிலேயே கைக்கு அகப்படும். பொடிக்கற்கள் கடைசிவரை இருந்து பல்லில் சிக்கும். மென்பொருள் சோதனையும் அவ்வாறே.

சோதனைக் காலமே நம்பிக்கையின் எல்லை

இந்தப் பொடிக்கற்களையும் கணக்கில் கொண்டு, 1996-இல் பீட்டர் பிஷப், ராபின் புளூம்ஃபீல்டு என்னும் பிரிட்டன் ஆய்வாளர்கள் எளிய, ஆனால் ஆழமான ஒரு முடிவை எட்டினர். அடிக்கடி வெளிப்படும் பிழை சோதனையிலேயே அகப்பட்டுவிடும். மிக அரிதாக வெளிப்படும் பிழை சோதனையிலிருந்து தப்பினாலும் பெரும் தொல்லை தராது. இரண்டுக்கும் இடைப்பட்டதே மிகவும் மோசமானது. துல்லியமாகச் சொன்னால், எந்தப் பிழை வெளிப்படும் சராசரிக் கால இடைவெளி சோதனைக் காலத்துக்குச் சமமாக இருக்கிறதோ அதுவே மோசமானது. அது சோதனையிலிருந்து தப்பும் வாய்ப்பு 37 விழுக்காடு.

இதிலிருந்து ஓர் உச்சவரம்பு கிடைக்கிறது. ஒரு மென்பொருளில் தொடக்கத்தில் 100 பிழைகள் இருந்தன என்றும், அது 1,000 மணி நேரம் சோதிக்கப்பட்டது என்றும் கொள்வோம். பிழைகளின் தன்மை எவ்வளவு மோசமாக இருந்தாலும், சோதனைக்குப் பின் சராசரியாக 27 மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அது பழுதாகாது. இதைப் பத்து மடங்கு மேம்படுத்த வேண்டுமானால், சோதனைக் காலத்தையும் பத்து மடங்காக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. பல வகைப் பிழைகள் கலந்துள்ள பெரிய மென்பொருள்களில், பழுதாகும் வேகம் சோதனைக் காலத்துக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே குறையும் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-இல் வேறொரு வழியில் நிறுவினர். மாதந்தோறும் பாதியாகக் குறையும் என்ற நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை.

உயிர் காக்கும் கருவிகளில் இந்த எல்லை எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு நிரல் 3,000 முறை ஒரு பழுதும் இன்றி இயங்கினால், அதன் பழுது வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இராது என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல இயலாது. பயணிகள் விமானத்தின் மிக முக்கியமான கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு எதிர்பார்க்கப்படும் அளவு, 100 கோடி மணி நேரத்துக்கு ஒரு பழுது என்பதாகும். 100 கோடி மணி நேரம் என்பது 1,14,000 ஆண்டுகளுக்கும் அதிகம். சோதனையை மட்டும் நம்பி இத்தகைய நம்பகத்தன்மையை அளந்து காட்ட இயலாது என்று அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்களான பட்லர், ஃபினெலி ஆகியோர் 1993-இல் எழுதினர். எனவேதான் விமானத் துறை சோதனையோடு நில்லாமல், வடிவமைப்பு ஒழுங்கு, தனித்தனி ஆய்வு, மாற்று ஏற்பாடுகள் ஆகியவற்றையும் கட்டாயமாக்கியுள்ளது.

சோதனையின் மூன்று குறைகள்

மேற்கண்ட கணக்குகள்கூடச் சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டவை. நடைமுறைச் சோதனையில் மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, பழுது நேர்ந்தும் சோதிப்பவர் அதை அறியாமல் போவது. பத்துப் பழுதுகளில் எட்டு மட்டுமே கண்ணில் படுமானால், 1,000 மணி நேரச் சோதனை 800 மணி நேரச் சோதனைக்கே சமம். இது தாங்கக்கூடிய இழப்பு. ஆனால், குறிப்பிட்ட ஒரு வகைப் பழுதை அந்தச் சோதனை எப்போதுமே காணாது என்றால், எத்தனை ஆயிரம் மணி நேரம் சோதித்தாலும் பயனில்லை. கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வில் நடந்தது இதுவே.

இரண்டாவது, திருத்தமே புதிய பிழையைக் கொணர்வது. பத்துத் திருத்தங்களில் ஒன்று புதிய பிழையை உண்டாக்குமானால், 100 பிழைகளை அகற்ற முனைபவர் இறுதியில் 111 பிழைகளை அகற்ற வேண்டியிருக்கும். பின்னர் நுழைந்தவற்றுக்குச் சோதனைக் காலமும் குறைவாகவே கிடைக்கும்.

மூன்றாவது, சோதனைச் சூழலும் பயன்பாட்டுச் சூழலும் வேறுபடுவது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் உயிரிழந்தனர். பத்தில் ஒரு பங்கு நொடி என்னும் அளவை 24 பிட்டுகளில் எழுதும்போது ஏற்படும் மிக நுண்ணிய வேறுபாடு, அமைப்பு தொடர்ந்து 100 மணி நேரம் இயங்கியதால் சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு நொடியாகப் பெருகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். அமைப்பை அவ்வளவு நீண்ட நேரம் தொடர்ந்து இயக்குவார்கள் என்று வடிவமைத்தவர்கள் எண்ணவில்லை. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

எதிராளி இருக்கும் ஆட்டம்

இதுவரை கூறியவை தற்செயலாக நேரும் பழுதுகள். பாதுகாப்பு என்று வரும்போது கணக்கே மாறுகிறது. இயற்கை நம் பலவீனத்தைத் தேடி அலைவதில்லை. இணையக் குற்றவாளி தேடி அலைகிறான்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு மென்பொருளில் 1,000 பாதுகாப்பு ஓட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கச் சராசரியாக ஒரு லட்சம் மணி நேர உழைப்பு தேவை. தயாரிப்பு நிறுவனம் 2,30,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 115 பேரின் ஓராண்டு உழைப்பைச் செலவிடுகிறது. அதன் பயனாக 900 ஓட்டைகள் அடைக்கப்படுகின்றன, 100 எஞ்சுகின்றன. 90 விழுக்காடு வெற்றி. இப்போது குற்றவாளி ஒருவன் 2,300 மணி நேரம், அதாவது தனியொருவனாக ஏறத்தாழ 14 மாதம் முயல்கிறான். எஞ்சிய ஓட்டைகளில் ஏதேனும் ஒன்றையாவது அவன் கண்டுபிடித்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? அதுவும் 90 விழுக்காடு. நூறு மடங்கு உழைத்தவரும் நூற்றில் ஒரு பங்கு உழைத்தவனும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். காப்பவர் எல்லாக் கதவுகளையும் பூட்ட வேண்டும். களவாடுபவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தால் போதும்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீடு' ஓட்டை இதற்குத் தக்க சான்று. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012 மார்ச் முதல் அது இருந்து வந்தது. வரும் செய்தியின் நீளம் அது சொல்லிக்கொள்ளும் நீளத்துக்குச் சமமா என்று பார்க்கத் தவறிய ஒரு சிறு விடுபாடுதான் அது. நேர்மையான பயனாளர் எவரும் பொய்யான நீளத்தைச் சொல்வதில்லை. எனவே, ஈராண்டுகள் உலகமே பயன்படுத்தியும் அது பழுதாக வெளிப்படவில்லை. பொய் சொல்லத் தெரிந்தவனுக்கோ, ஒவ்வொரு கேள்விக்கும் 64 கிலோபைட் வரை பிறருடைய தரவு வந்து விழுந்தது. 'இத்தனை ஆண்டுகளாக ஒரு சிக்கலும் வரவில்லை' என்பது நம்பகத்தன்மைக்கு ஓரளவு சான்றாகலாம். பாதுகாப்புக்கு அது சான்றே ஆகாது.

நிரலை மறைத்து வைத்தால் பாதுகாப்பு கூடுமா, வெளிப்படையாக வைத்தால் கூடுமா என்ற நெடுநாளைய வாதத்துக்கும் ஆண்டர்சன் 2002-இல் ஒரு விடை தந்தார். மறைப்பதால் குற்றவாளியின் வேலை எந்த அளவுக்குக் கடினமாகிறதோ, அதே அளவுக்குக் காப்பவரின் வேலையும் கடினமானால், இரு வழிகளும் ஒன்றே. அந்தச் சமநிலையைக் குலைப்பது எது என்பதே உண்மையான கேள்வி.

ஏரியில் மீன் எண்ணுதல்

எஞ்சிய பிழைகளை மதிப்பிட வழியே இல்லையா? உண்டு. ஏரியில் உள்ள மீன்களை மதிப்பிடும் முறை அது. சில மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் ஏரியில் விடுவார்கள். அடுத்த முறை வலைவீசும்போது அகப்படுபவற்றில் எத்தனை அடையாளமிட்டவை என்று பார்த்தால், மொத்த எண்ணிக்கையை மதிப்பிடலாம். அதுபோல, ஒருவரோடொருவர் கலந்து பேசாத இரு தணிக்கையாளர்களிடம் ஒரே மென்பொருளைக் கொடுப்போம். முதலாமவர் 20 பிழைகளும் இரண்டாமவர் 15 பிழைகளும் காண்கின்றனர். 6 பிழைகள் இருவர் பட்டியலிலும் உள்ளன. இரண்டாமவரின் 15-இல் 6, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, முதலாமவர் வலையில் முன்பே சிக்கியவை. எனவே முதலாமவரின் 20 என்பது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் 50. இருவரும் சேர்ந்து கண்டவை 29. இன்னும் 21 உள்ளே இருக்கின்றன.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. எளிய பிழைகள் எல்லோர் கண்ணிலும் படும். கடினமானவை எவர் கண்ணிலும் படா. 1986-இல் நைட், லெவ்சன் ஆகியோர் ஒரே தேவைக்குத் தனித்தனியாக எழுதப்பட்ட 27 நிரல்களைப் பத்து லட்சம் முறை சோதித்தனர். தனித்தனியாக எழுதியவர்களும் ஒரே இடங்களில் தவறியது, தற்செயலாக நேரக்கூடியதைவிட மிகுதியாக இருந்தது. ஆகவே 50 என்ற மதிப்பீட்டைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகவே கொள்ள வேண்டும். எனினும், 'தேறியது' என்ற ஒற்றைச் சொல்லைவிட 'குறைந்தது 21 எஞ்சியிருக்கலாம்' என்ற தகவல் பன்மடங்கு பயனுள்ளது.

சான்றிதழின் பொருளியல்

நம் நாட்டில் அரசு இணையதளங்கள், 'செர்ட்-இன்' அமைப்பின் பட்டியலில் உள்ள நிறுவனங்களின் பாதுகாப்புத் தணிக்கைக்குப் பின்னரே பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்ற நடைமுறை உள்ளது. 'காமன் கிரைட்டீரியா' என்னும் பன்னாட்டு ஏற்பாட்டில் சான்றிதழ் வழங்கும் நாடுகளில் ஒன்றாக இந்தியா 2013-இல் இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் தரப்படுகிறது. மென்பொருளோ அடிக்கடி மாறுகிறது. மேலும், காமன் கிரைட்டீரியா முறையில் சோதனைக் கூடத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் தயாரிப்பாளரே. வாடிக்கையாளரை இழக்க விரும்பாத சோதனைக் கூடம் எவ்வளவு ஆழமாகத் தேடும் என்பது பொருளியல் கேள்வி.

பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் தரமற்றது தரமானதை விரட்டிவிடும் என்பதை, 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார்; 2001-இல் அதற்காக நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். மென்பொருள் சந்தையும் அத்தகையதே. 1,000 மணி நேரம் சோதிக்கப்பட்ட செயலியும் 10,000 மணி நேரம் சோதிக்கப்பட்ட செயலியும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கூடுதல் சோதனைக்குச் செலவிட்டவர் விலையில் தோற்றுப்போவார்.

இதற்கு வழிகள் உண்டு. முதலாவதாக, அரசு கொள்முதலில் 'தணிக்கை முடிந்தது' என்ற சான்றுக்குப் பதிலாக, எத்தனை மணி நேரம் சோதிக்கப்பட்டது, எவை சோதிக்கப்படவில்லை, எத்தனை பிழைகள் கண்டறியப்பட்டன, எஞ்சியவற்றின் மதிப்பீடு என்ன என்ற நான்கு விவரங்களையும் கோர வேண்டும். இரண்டாவதாக, மக்களின் பணத்தையும் அடையாளத்தையும் கையாளும் அமைப்புகளுக்கு, தயாரிப்பாளர் தெரிவு செய்யாத இரு தனித்தனித் தணிக்கைகள் வேண்டும். மூன்றாவதாக, எந்தப் புதுப்பிப்பும் முதலில் சிறு எண்ணிக்கையிலான கணினிகளுக்குச் சென்று, பழுதில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றுக்குச் செல்ல வேண்டும். நான்காவதாக, ஓட்டையை நல்லெண்ணத்துடன் கண்டு தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பும் வெகுமதியும் வேண்டும். காப்பவர் பக்கம் உழைப்பு மணி நேரத்தைக் கூட்டும் மலிவான வழி அதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பை யார் ஏற்பது என்பது தெளிவாக வேண்டும். வங்கியின் கவனக்குறைவால் நேரும் மின்னணு மோசடியில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றும், வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் கடமை வங்கியுடையது என்றும் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் குறையுள்ள பொருளுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் வரம்புக்குள் மென்பொருளையும் கொண்டுவந்தது. சோதிக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளதோ அவரே இழப்பையும் சுமந்தால், சோதனை தானாகவே ஆழமாகும். இழப்பைச் சுமப்பவர் ஓய்வூதியதாரரும் சிறு வணிகருமாக இருக்கும்வரை, சோதனை ஒரு சடங்காகவே நீடிக்கும்.

குறையில்லாச் சோதனை என்று ஒன்று இல்லை. கணிதம் அதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆனால், சோதனையின் குறையை அளக்கலாம், அறிவிக்கலாம், அதற்குப் பொறுப்பேற்கச் செய்யலாம். ஒரு மென்பொருள் 'பாதுகாப்பானது' என்று சொல்லப்படும்போதெல்லாம், யார், எவ்வளவு காலம், எப்படிச் சோதித்தார், தவறினால் இழப்பு யாருடையது என்று கேட்கும் பழக்கம் நம் அலுவலகங்களிலும் சட்டமன்றங்களிலும் வேரூன்ற வேண்டும்.